வேலையை விட்டால் பயிற்சிப் பணத்தைக் கட்டு என்னும் பாண்ட்: அமெரிக்கக் கூட்டு வழக்குகள் என்ன சொல்கின்றன?

டெக்சாஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எம்.எஸ். முடித்து ஸ்டெம் ஓபிடி-யில் (படிப்பு முடித்த மாணவர் விசாக்காரர்கள் சில காலம் வேலை பார்க்கத் தரும் அனுமதி) இருக்கிறார். நியூ ஜெர்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் ஐ.டி. கன்சல்டன்சியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவு என்று 18,000 டாலர் கட்ட வேண்டும் என ஒப்பந்தத்தில் இருக்கிறது. "கோயம்புத்தூரில் அப்பா, 'கையெழுத்துப் போட்டாச்சுன்னா கட்டித்தான் ஆகணும், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு' என்கிறார். இங்கே ரூம்மேட்கள், 'கிளாஸ் ஆக்‌ஷன் போட்டா ஒரு பைசா கட்ட வேண்டாம்' என்கிறார்கள். யார் சொல்வது சரி அக்கா? இன்றைக்கே விலகிவிடலாமா?"

இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. (கிளாஸ் ஆக்‌ஷன் என்பது கூட்டு வழக்கு: ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பலருக்காக ஒருவர் முன்னின்று போடுவது.) முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் வழக்கறிஞர் இல்லை. சம்பள வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் படித்துக் குறிப்பெடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

அப்பா சொல்வது 2025 மே மாதம் வந்த விஜயா வங்கி தீர்ப்பை. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்ந்த அதிகாரி, இடையில் வேறு வங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். நிபந்தனை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அரசு வங்கி ஓர் ஆளை எடுக்க விளம்பரம், தேர்வு, நேர்முகம் என்று எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் காரணமாகச் சொன்னது. சரி, ஆனால் அது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி வந்த தீர்ப்பு. டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க நிறுவனத்தின் தாளில் கையெழுத்துப் போட்ட உங்களை அது கட்டுப்படுத்தாது. இரண்டு நாட்டுக்கும் பொதுவான கேள்வி ஒன்று மட்டும் உண்டு: கேட்கும் தொகை நிஜமான நஷ்டத்துக்கு நியாயமான மதிப்பீடா, அல்லது ஆளைப் பயமுறுத்த வைத்த அபராதமா? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அமெரிக்காவில் இந்த நிபந்தனையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'டிராப்' என்று வரும். பொறி என்றே அர்த்தம். இதை எதிர்ப்பவர்கள் விரும்பிப் பிடித்துக்கொண்ட பெயர். 2020-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் கேட்டபோது, ஏறக்குறைய பத்தில் ஒரு தொழிலாளி இப்படி ஒரு ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகச் சொன்னார். ஐ.டி. பிள்ளைகள் மட்டும் மாட்டும் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். நர்ஸ், லாரி டிரைவர், விமானி, ஏன், நாய்க்கு முடி வெட்டுகிறவர் வரைக்கும் உண்டு.

அந்த நாய் முடி வழக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எல்லாச் சங்கதியும் அதில் இருக்கிறது. 2022 ஜூலையில் கலிஃபோர்னியாவில் பெட்ஸ்மார்ட் நிறுவனத்தின் மீது அதன் முன்னாள் ஊழியர் ஒருவர் கூட்டு வழக்குப் போட்டார். நிறுவனம் தன் கடைகளிலேயே 'குரூமிங் அகாடமி' என்ற பெயரில் சில வாரப் பயிற்சி தருகிறது. அதன் விலை 5,000 டாலர், கத்தரி, சீப்பு அடங்கிய பெட்டிக்கு 500 டாலர் என்று ஒப்பந்தம். ஒரு வருடத்துக்குள் போனால் முழுத் தொகை, இரண்டாம் வருடத்தில் போனால் பாதி. வழக்கில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு இதுதான்: அகாடமி என்பது பெரும்பாலும் கடை வேலையே. பயிற்சிக் காலத்திலேயே காசு கொடுத்து வந்த வாடிக்கையாளரின் நாயைத்தான் அவர்கள் குளிப்பாட்டி வெட்டினார்கள். அதாவது அந்த நேரத்துக்கு நிறுவனம் வாடிக்கையாளரிடம் ஒரு பக்கம் வசூலித்தது, இன்னொரு பக்கம் ஊழியரின் தலையில் கடனாக எழுதியது. சம்பளமோ குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய தொகை. அவர் விலகிய பிறகு அந்த 5,500 டாலர் வசூல் ஏஜென்சியின் கைக்குப் போனது.

வழக்கறிஞர்கள் எடுத்த வாதங்களில் இரண்டு எனக்குப் பிடித்தவை. முதலாவது, கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2802-ஆம் பிரிவு. வேலைக்காகத் தொழிலாளிக்கு ஆகும் அவசியச் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்கிறது அது. தன் கடையில் தன் முறைப்படி வெட்டக் கற்றுத் தருவது முதலாளியின் செலவு, தொழிலாளியின் படிப்பு இல்லை. இரண்டாவது இன்னும் சுவாரசியம்: "இல்லை, இது படிப்புதான்" என்று நிறுவனம் சொன்னால், உரிமம் வாங்காமல் தனியார் பள்ளிக்கூடம் நடத்தியதாக ஆகிவிடும்! எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்ட வேண்டும் என்று கட்டிய வாதம். டென்வரில் இருக்கும் 'டுவர்ட்ஸ் ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு இந்த வழக்கில் இருந்தது. பின்னால் வந்த டிராப் வழக்குகள் சிலவற்றிலும் அதன் பெயரைப் பார்க்கலாம்.

2802 வாதம் வெறும் கற்பனை கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சி, ஐந்து வருடத்துக்குள் வேறு ஊர் போலீஸுக்குத் தாவிய காவலர்களிடம் அகாடமிச் செலவைக் கேட்டு வழக்குப் போட்டது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒப்பந்தங்கள் செல்லாது என்றது. ஆனால் அதே மாநிலத்து ஓக்லண்டில், 2010-ல், ஒரு காவலர் தோற்றார். 8,000 டாலர் பயிற்சிச் செலவில் 80 சதவீதத்தை நகராட்சி கேட்டது. மேல்முறையீட்டில் பார்க்கப்பட்டது, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் மீறப்பட்டது என்ற அவருடைய வாதம். கடைசி வாரச் சம்பளத்தில் அந்தக் குறைந்தபட்சம் கைக்கு வந்துவிட்டதால், மீதி சாதாரணக் கடன்தான் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே மாதிரியான பாண்ட், அதே மாநிலம். எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதனால்தான் ரூம்மேட் சொல்லும் "ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்பதை நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தெளிவான வெற்றி என்று கை காட்ட வேண்டுமென்றால், நியூயார்க் நர்ஸ்கள் வழக்கைக் காட்டுவேன். பிலிப்பைன்ஸிலிருந்து சென்டோசா குழும நர்சிங் ஹோம்களுக்கு வந்த இருநூறுக்கும் மேற்பட்ட நர்ஸ்களின் சார்பில் 2017-ல் தொடுத்தது. ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால் 25,000 டாலர். 2019-ல் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றம், இது நஷ்ட மதிப்பீடு ஆகாது, அபராதம், செல்லாது என்றது. அதோடு நிற்கவில்லை. இவ்வளவு பெரிய தொகையைக் காட்டி ஆளை வேலையில் பிடித்து வைப்பது கட்டாய உழைப்பைத் தடுக்கும் ஆள்கடத்தல் எதிர்ப்புச் சட்டத்தையும் மீறுகிறது என்றது. 2021-ல் மேல்முறையீட்டிலும் அந்த முடிவின் பெரும்பகுதி நின்றது. கையில் விலங்கு போட்டால்தான் கட்டாய உழைப்பு என்று இல்லை, கட்ட முடியாத கடனும் விலங்குதான் என்று ஒரு நீதிமன்றம் சொன்னது விசாவில் வந்த எல்லோருக்கும் முக்கியம். அங்கே பேச்சு பயிற்சிக் கட்டணத்தைப் பற்றியது இல்லை, விலகல் கட்டணத்தைப் பற்றியது. ஆனாலும் பெயரை மாற்றிவிட்டால் பொருள் மாறிவிடாது என்று வாதாட அது பெரிய துணை.

லாரி டிரைவர்கள் விஷயத்தில் சி.ஆர்.எஸ்.டி. என்ற நிறுவனத்தின் மீது 2016-ல் மாசசூசெட்ஸில் போட்ட வழக்கு. லைசென்ஸ் எடுக்கும் பயிற்சிக்கு 6,500 டாலர் என்று டிரைவர்களின் தலையில் எழுதியது நிறுவனம். பயிற்சிப் பள்ளிக்கு அது கொடுத்தது அதைவிடக் குறைவு என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2020-ல் 12.5 மில்லியன் டாலருக்குச் சமரசமானது. பெரும்பாலான கூட்டு வழக்குகள் இப்படித்தான் முடியும், தீர்ப்பு வரை போவது அபூர்வம். சமரசத்தில் தலைக்கு வரும் காசோலை பெரிதாக இருக்காது. கடனைத் தள்ளுபடி செய்து, கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து அதை எடுக்க வைப்பதுதான் பலருக்கு நிஜமான லாபம்.

உங்கள் துறைக்கு வருகிறேன். 2023 ஏப்ரலில் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஸ்மூத்ஸ்டாக் என்ற ஐ.டி. ஆட்சேர்ப்பு நிறுவனத்தின் மீது அங்கே பயிற்சி பெற்ற முன்னாள் ஊழியர் ஒருவர் கூட்டு வழக்குத் தொடுத்தார். முதலில் சம்பளமில்லாத பயிற்சி வாரங்கள், பிறகு குறைந்தபட்சக் கூலியில் பயிற்சி, பிறகு வாடிக்கையாளர் நிறுவனத்தில் 4,000 மணி நேர வேலை. நடுவில் போனால் இருபதாயிரம் டாலருக்கும் மேல் கேட்பார்கள் என்பது புகார். 2024-ல் கூட்டாட்சித் தொழிலாளர் துறையே அந்த நிறுவனத்தின் மீது தனியாக வழக்குப் போட்டது. 4,000 மணி நேரம் என்றால் முழு நேரமாக இரண்டு வருடம். ஆனால் வாடிக்கையாளருக்கு 'பில்' செய்யும் மணி நேரம்தான் கணக்கு என்றால், வேலை ஒதுக்காமல் பெஞ்சில் உட்கார வைத்த காலம் கணக்கில் ஓடாது. உங்கள் ஒப்பந்தத்தில் 'இரண்டு வருடம்' என்பது எந்த வகை என்று பாருங்கள்.

இனி, ஏன் தனி வழக்கு போதாது, ஏன் கூட்டு வழக்கு? 18,000 டாலரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 400 டாலர் வாங்கும் வழக்கறிஞர் 45 மணி நேரம் உழைத்தால் அது காலி. எதிர்த்து நிற்பதற்கு ஆகும் செலவும் கட்டிவிட்டுப் போவதற்கு ஆகும் செலவும் ஒன்றாகிவிடுகிறது. பெரும்பாலானோர் இரண்டையும் செய்வதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இருந்துவிடுகிறார்கள். நிறுவனத்துக்கு வேண்டியதும் அதுதான். என் அனுபவத்தில் இந்தப் பணத்தை உண்மையிலேயே வசூலிப்பதைவிட, வசூலித்துவிடுவோம் என்று நம்ப வைப்பதே அவர்களுக்கு முக்கியம்.

கூட்டு வழக்கு இந்தக் கணக்கைப் புரட்டிப் போடுகிறது. நிறைய பேர் இருக்க வேண்டும், எல்லோருக்கும் பொதுவான சட்டக் கேள்வி இருக்க வேண்டும், முன்னால் நிற்பவரின் கதை மற்றவர் கதையை ஒத்திருக்க வேண்டும், அவர் எல்லோருக்காகவும் ஒழுங்காகப் போராடக் கூடியவராக இருக்க வேண்டும். நீதிபதி இவற்றைப் பார்த்துத்தான் அனுமதிப்பார். நிறுவனம் நூறு பேருக்கும் ஒரே டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தது என்பதே பொதுவான கேள்விக்கு ஆதாரமாகிவிடுகிறது. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இதில் பலர் குழம்பும் ஓர் இடம். மாநிலச் சட்டப்படி வரும் கூட்டு வழக்கில் நீங்கள் சும்மா இருந்தாலும் உள்ளே இருப்பீர்கள். வேண்டாம் என்றால்தான் எழுதிக் கொடுத்து வெளியேற வேண்டும். குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் தொடர்பான கூட்டாட்சிச் சட்டத்தில் அது தலைகீழ். நீங்களே ஒப்புதல் கையெழுத்திட்டுச் சேர வேண்டும். கையெழுத்துப் படிவம் நீதிமன்றத்தில் சேரும் நாள் வரை உங்கள் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக இரண்டு வருடம், நிறுவனம் தெரிந்தே மீறியிருந்தால் மூன்று. "கேஸ் நடந்துட்டுத்தான் இருக்கு, அப்புறம் சேர்ந்துக்கலாம்" என்று விட்டவர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொகை கரைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரி, இந்தக் கதவுக்கு நிறுவனங்கள் ஒரு பூட்டு வைத்திருக்கின்றன: ஆர்பிட்ரேஷன். "தகராறு வந்தால் நீதிமன்றம் போக மாட்டேன், தனியார் நடுவரிடம் தனித்தனியாகத்தான் போவேன், கூட்டாக வழக்குப் போட மாட்டேன்." 2018-ல் எபிக் சிஸ்டம்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வேலை ஒப்பந்தத்தில் இப்படி எழுதினால் செல்லும் என்றது. ஆகவே என்னிடம் யார் ஒப்பந்தத்தை நீட்டினாலும் நான் முதலில் தொகையைப் பார்ப்பதில்லை. பின்னாலிருந்து புரட்டி அந்தப் பத்தியைத் தேடுவேன். 18,000 என்பது தடித்த எழுத்தில் மூன்றாம் பக்கத்தில் இருக்கும், ஆர்பிட்ரேஷன் 'இதர விதிகள்' என்ற தலைப்பின் கீழ் பதினோராம் பக்கத்தில் கடுகு அளவு எழுத்தில் படுத்திருக்கும்.

பூட்டு எப்போதும் இறுக்கமானது என்றும் சொல்ல மாட்டேன். மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டுபோகும் டிரைவர்களைக் கூட்டாட்சி ஆர்பிட்ரேஷன் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. நர்ஸ் ஒருவரின் வேறொரு வழக்கில் இன்னொன்று நடந்தது. அட்வான்ஸ்டு கேர் ஸ்டாஃபிங் என்ற நிறுவனம், விலகிப் போன ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் மீது ஆர்பிட்ரேஷனைத் தானே தொடங்கி, குறைந்தது 20,000 டாலரும், அவர் இருந்திருந்தால் வரக்கூடிய லாபமும், வழக்குச் செலவும் கேட்டது. கூட்டாட்சி நீதிபதி 2023-ல் அந்த நடுவர் விசாரணையை நிறுத்தி வைத்தார். அதே வருடம் தொழிலாளர் துறையும் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அரசு போடும் வழக்கை உங்கள் கையெழுத்து தடுக்காது.

ஆனால் அரசின் ஆர்வம் ஆட்சியோடு ஏறி இறங்குகிறது. 2022-ல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு இந்தக் கடன்களை விசாரிக்கத் தொடங்கி, 2023-ல் அறிக்கையும் வெளியிட்டது. 2024 அக்டோபரில் தேசிய தொழிலாளர் உறவு வாரியத்தின் தலைமை வழக்கறிஞர், இத்தகைய ஒப்பந்தங்கள் சட்டவிரோதமாகலாம் என்று சுற்றறிக்கை விட்டார். 2025 பிப்ரவரியில் அடுத்து வந்தவர் அதைத் திரும்பப் பெற்றார். இப்போது பாரம் மாநிலங்கள் மீதும் தனியார் கூட்டு வழக்குகள் மீதும் விழுந்திருக்கிறது. கலிஃபோர்னியா ஏபி 692 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் இத்தகைய ஒப்பந்தங்கள், சில விலக்குகள் தவிர, செல்லாது. மீறினால் தொழிலாளி ஒருவருக்கு நிஜ நஷ்டம் அல்லது 5,000 டாலர், எது அதிகமோ அது. தலைக்கு 5,000 என்று சட்டமே எழுதிவிட்டால் கூட்டு வழக்குக்குக் கணக்குப் போடுவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். நியூயார்க்கும் 2025 டிசம்பரில் தன் பங்குக்கு ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டது. உங்களுக்கு வருத்தமான சேதி, நீங்கள் டெக்சாஸில் இருக்கிறீர்கள்.

உங்களுக்குச் சாதகமாக நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். ஸ்டெம் ஓபிடி-க்கு ஐ-983 என்ற படிவம் நிரப்பிக் கல்லூரியில் கொடுத்திருப்பீர்கள். என்ன கற்றுத் தருவோம், யார் மேற்பார்வை, எப்படி மதிப்பிடுவோம் என்று முதலாளி கையெழுத்திட்ட தாள் அது. அந்த நகலையும் 18,000 டாலர் 'பயிற்சி'யின் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அரசிடம் நாங்கள் தருகிறோம் என்று சொன்ன பயிற்சிக்கே உங்களிடம் பில் போடுகிறார்களா? நான் பார்த்த ஒரு கோப்பில், பெயர் வேண்டாம், 12,000 டாலர் 'பயிற்சி' என்பது காலையில் ஒரு ஜூம் அழைப்பு, பழைய வீடியோக்கள், அப்புறம் ரெஸ்யூமேயில் இல்லாத ஏழு வருட அனுபவத்தை எழுதக் கற்றுத் தருவது. நிஜ செலவு என்ன என்று கேட்டபோது ஒரு ரசீதும் வரவில்லை. முன்பு சொன்ன "மதிப்பீடா, அபராதமா" என்ற கேள்வி இங்கேதான் வேலை செய்யும். (உங்கள் ரெஸ்யூமேயில் அப்படிப் பொய் எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். நாளைக்கு உங்கள் வழக்கையே அது கெடுக்கும், விசாவையும்.)

எச்-1பி வேலை விசாவுக்கு மாறிய பிறகு இன்னும் வலுவான பாதுகாப்பு வருகிறது. முன்கூட்டியே விலகியதற்கு அபராதம் வசூலிக்கக் கூடாது என்று கூட்டாட்சி விதியே இருக்கிறது. நியாயமான நஷ்ட மதிப்பீட்டை மட்டும் மாநிலச் சட்டப்படி கேட்கலாம். மனுவுக்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் முதலாளி கட்ட வேண்டிய அரசுக் கட்டணத்தையும் 'பயிற்சிச் செலவு' என்ற போர்வையில் சேர்க்க முடியாது. மீறினால் டபிள்யூஎச்-4 படிவத்தில் தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுக்கலாம், 12 மாதத்துக்குள். காசு செலவில்லை.

இன்றைக்கே விலகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டெம் நீட்டிப்பையும் சேர்த்து மொத்தம் 150 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். இதுவரை எத்தனை நாள் போயிருக்கிறது என்று கணக்குப் பார்க்காமல் விலகாதீர்கள். அடுத்த வேலை கைக்கு வந்த பிறகு விலகினால் பாண்ட் மிரட்டலை நிதானமாகச் சந்திக்கலாம். மிரட்டல் கடிதம் வந்தால் போனில் பேசாதீர்கள், "தவணையாகக் கட்டுகிறேன்" என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். செலவுக் கணக்கைக் கேட்டு எழுத்தில் மட்டும் பதில் போடுங்கள். உங்கள் பேட்ச்சில் இருப்பவர்களின் சொந்த மின்னஞ்சல் முகவரியை இப்போதே வாங்கி வையுங்கள். கம்பெனி லேப்டாப்பைப் பிடுங்கிய பிறகு யாரையும் பிடிக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. அந்தப் பதினோராம் பக்கத்தில், ஆர்பிட்ரேஷன் பத்தியின் கடைசியில், "கையெழுத்திட்ட 30 நாளுக்குள் எழுதித் தெரிவித்தால் இந்த ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொள்ளலாம்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறதா பாருங்கள். பல ஒப்பந்தங்களில் இருக்கும், கவனிப்பவர் குறைவு. அப்படி விலகுவதால் வேலை போகாது என்றும் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். சேர்ந்து மூன்று வாரம் என்கிறீர்கள். ஆனால் கணக்கு சேர்ந்த நாளிலிருந்து இல்லை, கையெழுத்திட்ட நாளிலிருந்து. அதிகம் போனால் ஒன்பது நாள் மிச்சம், குறைவாகவும் இருக்கலாம். இருந்தால் இன்று இரவே இரண்டு வரி எழுதுங்கள்: என் பெயர் இது, இந்தத் தேதியில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஆர்பிட்ரேஷன் பிரிவிலிருந்து விலகுகிறேன். அதில் சொன்ன முகவரிக்கு, சொன்ன முறையில் அனுப்புங்கள். தபால் என்றால் சர்ட்டிஃபைட் மெயில். ரசீதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.